மூலநோயும் சீன மூலிகைகளும்: ஆதாரம் என்ன சொல்கிறது?

“தம்பி, நீ வாசிக்கிற ஆள். இதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு.”

ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்கள் எழும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் காக்கா இதைக் கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணிதம் படிப்பிப்பவர். சேர்ட் பையிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்து நீட்டினார். முழுக்கச் சீன எழுத்து. கட்டாரில் வேலை செய்யும் மருமகன் அனுப்பியது. மூலத்துக்குரிய மூலிகைக் குளிசையாம். வெளிக்குப் போகும்போது இரத்தம் படுகிறது, ஐந்தாறு மாதமாகிறது என்றார். இரத்தம் கசிந்தால் வுழூ முறியுமா என்று மௌலவியிடம் கேட்டிருக்கிறார். டொக்டரிடம் காட்டவில்லை.

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூலிகைதானே காக்கா, ஒண்டும் செய்யாது. பாவிச்சுப் பாருங்க” என்றேன். ஒரு பக்கமும் வாசிக்காமல் சொன்ன பதில் அது. அந்தப் பதிலின் கடன் இன்னும் என்மேல் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு வாசித்துச் சொல்லும் விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், தமிழ் படிப்பிப்பவன். ஆனால் ஆதாரம் எது, ஆதாரம் போலத் தோன்றுவது எது என்று பிரித்தறிவது மருத்துவருக்கு மட்டும் உரிய வேலை அல்ல.

மூலம் என்பது என்ன?

தமிழில் மூலம் என்றால் வேர், தொடக்கம். இந்நோயை நம் யூனானி வைத்தியர்கள் பவாஸீர் என்பர், சிங்களத்தில் அர்ஷஸ், சீனத்தில் ஜி. எல்லா மொழியிலும் பழைய பெயர் இருக்கிறது என்பதே இது எவ்வளவு பழைய, எவ்வளவு பொதுவான வருத்தம் என்பதைக் காட்டும்.

மலவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்களும் அவற்றைத் தாங்கும் இழையங்களும் சேர்ந்த மெத்தை போன்ற திண்டுகள் எல்லா மனிதருக்கும் இயல்பாகவே உள்ளன. மலவாய் நன்றாக மூடிக்கொள்ள அவை உதவுகின்றன. முக்கி முக்கி வெளிக்குப் போவது, இறுகிய மலம், கர்ப்பகாலம், வயது முதலியவற்றால் இத்திண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும் இழையம் தளர்கிறது. திண்டுகள் கீழே சரிந்து, வீங்கி, உரசுப்படும்போது இரத்தம் கசிகிறது. இந்த விளக்கத்தை 1975 இல் தொம்சன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் முன்வைத்தார். இன்றும் பெரும்பாலும் இதுவே ஏற்கப்படுகிறது.

உள்மூலம் நான்கு படிகளாக வகுக்கப்படும். முதற்படியில் இரத்தம் மட்டும் படும். இரண்டாம் படியில் திண்டு வெளியே வந்து தானாகவே உள்ளே போகும். மூன்றாம் படியில் கையால் தள்ளிவிட வேண்டும். நான்காம் படியில் தள்ளினாலும் போகாது. உள்மூலத்தில் படும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, பெரும்பாலும் நோவிருக்காது.

இங்கே ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூலத்து இரத்தம் வரும், போகும். இரண்டு கிழமை படும். பிறகு ஒன்றும் செய்யாமலே நின்றுவிடும். நாலு மாதம் கழித்துத் திரும்பவும் வரும். ஆள் மருந்தைத் தேடுவது வருத்தம் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் இயல்பு. அந்த இறக்கத்துக்குரிய புகழ், அப்போது வாயில் போட்ட குளிசைக்குப் போய்ச் சேர்கிறது. “எனக்குச் சுகம் வந்தது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. எதனால் வந்தது என்பதுதான் அவருக்கும் தெரியாது.

சீனரின் நீண்ட அனுபவம்

சீன மருத்துவத்துக்கு இந்நோயோடு உள்ள பழக்கம் சாதாரணமானதல்ல. 1973 இல் ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகருக்கருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168 இல் மூடப்பட்ட ஒரு கல்லறை அகழப்பட்டது. அதிலிருந்து பட்டுத்துணியில் எழுதப்பட்ட நூல்கள் கிடைத்தன. ஐம்பத்திரண்டு நோய்களுக்கான மருந்துமுறைகள் என்று இன்று அழைக்கப்படும் ஏடு அவற்றுள் ஒன்று. மூலத்தை வகை பிரித்து அதற்கு மருத்துவம் சொல்கிறது அவ்வேடு. ஒரு முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும்: நாயின் சிறுநீர்ப்பையில் ஒரு குழலைச் செருகி, மலவாய்க்குள் விட்டு ஊதிப் பெருப்பித்து, மெல்ல வெளியே இழுத்து, உடன் வரும் மூலத்தைக் கத்தியால் அறுத்து, புண்ணில் ஹுவாங்சின் என்ற வேரின் தூளை இட வேண்டும் என்கிறது. இன்றைய மருத்துவர்கள் பலூனைக் கொண்டு செய்யும் சில வேலைகளை இது நினைவூட்டுகிறது.

அந்த ஹுவாங்சின் இன்றும் மூலத்துக்கான சீனக் குளிசைகளில் சேர்கிறது. சொங் அரச காலத்தின் அரச மருந்தகக் கைந்நூலில் உள்ள ஹுவாய்ஜியாவ் குளிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஆறு சரக்குகள்: சொஃபோரா மரத்தின் காய், தியூ என்னும் வேர், தாங்குயி வேர், ஹுவாங்சின் வேர், ஃபாங்ஃபெங் வேர், முற்றாத கசப்புத் தோடங்காய். ஏறக்குறைய எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக இதைச் செய்கிறார்கள். இப்போதும் சீனப் பாமசிகளில் கிடைக்கிறது. பூசும் மருந்துகளும் உண்டு. கஸ்தூரி, மாட்டுப் பித்தக்கல், முத்துத் தூள் சேர்ந்த ஒரு களிம்பு வெளிநாடுகளிலும் பிரபலம். கண்மருந்தாகத் தொடங்கிய கலவையிலிருந்து அது பிறந்தது.

இவ்வளவு பழைமை இருந்தால் போதாதா? போதாது. அதே மரபுக்குள் ‘மூலத்தை வாடவைக்கும் தூள்’ என்ற ஒன்றும் நெடுங்காலம் இருந்தது. அதன் முக்கிய சரக்கு பாஷாணம், அதாவது ஆர்சனிக். மூலம் வாடியது உண்மை. நஞ்சு உடம்பில் ஏறியதும் உண்மை. பிற்காலச் சீன மருத்துவர்களே பாஷாணத்தை நீக்கிய முறைகளைத் தேடிப்போனார்கள். பழைமை ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கக் காரணமாகலாம். சோதனையின் பெறுபேறாக முடியாது.

சோதித்தவர்கள் கண்டது

இப்போது காக்காவின் கேள்விக்கு நேரே வருவோம். 2010 இல் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் ஆய்வுத் தொகுதியில் ஒரு மீளாய்வு வெளிவந்தது. மூலத்திலிருந்து படும் இரத்தத்தை நிறுத்தச் சீன மூலிகைகள் உதவுமா என்பதே அதன் கேள்வி. செய்தவர்கள் சீன மருத்துவர்களே. பிற நாட்டார் குற்றம் பிடிக்க எழுதியது என்று ஒதுக்க முடியாது. 1,822 நோயாளிகள் சேர்ந்த 9 பரிசோதனைகள் அவர்களுக்குக் கிடைத்தன. சொஃபோரா காய், தியூ, தாங்குயி, ஹுவாங்சின் முதலிய, மேலே கண்ட அதே சரக்குகள்தாம் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தன.

அவர்கள் எழுதிய முடிவின் சாரம் இது: இரத்தம் படுவது முதலிய சில அறிகுறிகளை இம்மருந்துகள் குறைக்கக்கூடும், ஆனால் பரிசோதனைகளின் தரம் குறைவு, ஆகவே நம்பத்தக்க ஆதாரம் இல்லை, இன்னும் வலுவான ஆய்வுகள் தேவை.

இதைச் சிலர் “வேலை செய்யாது என்று நிரூபித்துவிட்டார்கள்” என்று வாசிப்பர். வேறு சிலர் “வேலை செய்யக்கூடும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்” என்று வாசிப்பர். இரண்டும் பிழை. விடைத்தாளில் எழுதியது வாசிக்க முடியாமல் இருந்தால் நாம் சரியும் போடுவதில்லை, பிழையும் போடுவதில்லை. திரும்ப எழுது என்கிறோம். அந்த மருத்துவர்களும் அதையே சொன்னார்கள்.

தரம் குறைவு என்றால் என்ன? ஆசிரியர்களுக்கு இது விளங்காத விடயமல்ல. நான் படிப்பித்த வகுப்புக்கு நானே வினாத்தாள் போட்டு, நானே திருத்தி, எல்லோரும் சித்தி என்று அறிவித்தால் யார் நம்புவார்? அதனால்தான் க.பொ.த. பரீட்சையில் பெயருக்குப் பதில் சுட்டெண். திருத்துபவருக்கு யாருடைய தாள் என்று தெரியாது. மருந்துப் பரிசோதனையிலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்க வேண்டும். வருத்தம் குறைந்தவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடக் கூடாது. எந்தக் குழுவுக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும், சுகத்தை அளப்பவருக்கும் தெரியாதிருக்க வேண்டும். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சோதிக்கப்படாத ஒரு மூலிகையை, சோதிக்கப்படாத இன்னொரு மூலிகையோடு ஒப்பிட்டு “இது மேல்” என்றால், இரண்டுமே சும்மா இருப்பதைவிட மேலானவையா என்பது தெரியாமலே போகும்.

இந்தக் குறை மூலத்தோடு நிற்கவில்லை. 2009 இல் சீன ஆய்வாளர் குழுவொன்று, குலுக்கல் முறையில் செய்ததாகச் சீன இதழ்களில் வெளியான 2,235 பரிசோதனைகளின் ஆசிரியர்களைத் தொடர்புகொண்டு, எப்படிக் குலுக்கினீர்கள் என்று கேட்டது. முறைப்படி குலுக்கியவை 207 மட்டுமே. அவற்றுட் சீன மருத்துவ ஆய்வுகளும் இருந்தன, மேலைமருத்துவ ஆய்வுகளும் இருந்தன. பலருக்குக் குலுக்கல் என்றால் என்ன என்பதே சரியாக விளங்கியிருக்கவில்லை. தங்கள் வீட்டுக் குறையைத் தாங்களே எண்ணிப் பார்த்து வெளியிட்டார்களே, அந்த நேர்மையிலிருந்து நாமும் படிக்க வேண்டும்.

மூலிகையிலிருந்து மருந்துக்கு

சரியாகச் சோதிக்கும்போது மரபு எப்போதும் தோற்றுப்போகும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதலாவது சொஃபோரா. இம்மரத்தின் பூமொட்டில் ரூட்டின் என்ற பொருள் செறிவாக உள்ளது. தோடை இனப் பழங்களின் தோலில் ஹெஸ்பெரிடின் இருக்கிறது; அதிலிருந்து டயோஸ்மின் என்ற மருந்து தயாரிக்கப்படுகிறது. இவையெல்லாம் ஃப்ளேவனொயிட் என்ற ஒரே குடும்பம். நாளச் சுவர்களை உறுதிப்படுத்துவதாகக் கருதப்படும் இக்குடும்ப மருந்துகள் பற்றிய 24 ஆய்வுகளை 2012 இல் இன்னொரு கொக்ரேன் மீளாய்வு ஆராய்ந்தது. இரத்தம் படுதல், அரிப்பு, கசிவு ஆகியவை குறைந்ததாகக் கண்டது. நோவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டயோஸ்மின் குளிசை பல நாடுகளில் மருத்துவர் எழுதித் தரும் மருந்து. இதை வைத்து “அப்படியென்றால் சொஃபோராக் குளிசையும் வேலை செய்யும்” என்று பாய்ந்துவிடக் கூடாது. அளவு தெரிந்த, தூய்மையாக்கிய ஒரு பொருளுக்குக் கிடைத்த சான்றை, அளவு தெரியாத ஆறு சரக்குக் கலவைக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஆனால் சீனரின் கை தற்செயலாக அந்த மரத்துக்குப் போகவில்லை என்று எண்ண இடமுண்டு.

இரண்டாவது இன்னும் சுவையானது. 1970களில் பீஜிங்கின் குவாங்கான்மென் மருத்துவமனையில் ஷி ஜாவ்சி என்ற மருத்துவர் இரண்டு பழைய சரக்குகளை எடுத்தார். ஒன்று ஊபெய்ஸி. ஒருவகை மரத்தின் இலையில் செடிப்பேன் உண்டாக்கும் புடைப்பு அது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு நம் மூத்தம்மாமார் கொடுக்கும் மாசிக்காய்க்கு அது தூரத்து உறவு. மாசிக்காய் ஓக் மரத்தில் குளவி உண்டாக்குவது. இரண்டிலும் துவர்ப்பைத் தருவது தனிக் அமிலம். மற்றச் சரக்கு படிகாரம். தமிழில் அதற்கு இன்னொரு பெயர் சீனாக்காரம் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த இரண்டின் சாரத்தையும் அளவாகச் சேர்த்து, உள்மூலத்துக்குள் போடும் ஊசிமருந்தாக்கினார். ஊசி போட்ட இடத்தில் இழையம் இறுகித் தழும்பாகி, சரிந்த திண்டு மீண்டும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானியர் இதைத் திருத்தியமைத்து 2005 முதல் பயன்படுத்துகின்றனர். அவர்கள் செய்த ஒப்பீட்டின் பெறுபேறு 2006 இல் வெளியானது. 28 நாட்களின் பின், ஊசி போட்டவர்களில் 94 வீதத்தினருக்கும் அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 99 வீதத்தினருக்கும் மூலம் வெளித்தள்ளுவது நின்றிருந்தது. ஆனால் ஓராண்டுக்குள் ஊசிக்காரர்களில் 16 வீதத்தினருக்குத் திரும்ப வந்தது. அறுவை செய்தவர்களில் 2 வீதத்தினருக்கே வந்தது. ஊசி இலகு, அறுவை நீடித்தது. இப்போது ஒரு நோயாளி இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். ஆதாரம் என்பது இப்படித்தான் இருக்கும்: நல்லதையும் சொல்லும், குறையையும் இலக்கத்தில் சொல்லும்.

“ஒண்டும் செய்யாது” என்பது சரியா?

நான் காக்காவுக்குச் சொன்ன வசனத்தில் மிகப் பெரிய பிழை இதுதான். வேலை செய்யும் சக்தியுள்ள எந்த மூலிகைக்கும் கெடுதி செய்யும் சக்தியும் உண்டு. தாங்குயி வேர், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். இதய வருத்தத்துக்காக வார்ஃபரின் எடுப்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? ஹுவாங்சின் சேர்ந்த மருந்துகளால் ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. மலத்தை இளக்கச் சேர்க்கும் சில சரக்குகள் கடும் பேதியை உண்டாக்கும். கர்ப்பிணிகள் இவற்றைத் தாமாக எடுக்கவே கூடாது.

பெட்டியின் எழுத்தை வாசிக்க முடியாதபோது உள்ளே இருப்பதை எப்படி அறிவது? பித்தக்கல்லா, கஸ்தூரியா, கூட்டுக்குளிசையின் ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்ற ஹலால் கேள்வியும் நமக்குண்டு. இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்யும் பொறுப்பு, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குரியது. பயணப்பையில் வரும் பெட்டி அந்தக் கண்ணுக்குப் படாமலே வீட்டுக்குள் வருகிறது.

எதற்கு ஆதாரம் உண்டு?

ஆதாரம் உள்ள மருத்துவம் நம் சமையலறைக்கு மிகக் கிட்டவே இருக்கிறது. 2005 இல் வெளியான ஒரு மீளாய்வில், 378 பேர் சேர்ந்த 7 பரிசோதனைகளைப் பார்த்தார்கள். நார்ப்பொருள் எடுத்தவர்களில், வருத்தம் தொடர்வதும் இரத்தம் படுவதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அப்பரிசோதனைகள் பலவற்றில் கொடுக்கப்பட்டது இசப்கோல் உமி. யூனானி வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் பொருள் அது. பாரசீகத்தில் அப்பெயருக்குக் ‘குதிரைக் காது’ என்று பொருள், விதையின் வடிவத்தால் வந்தது. நம் மரபிலும் சோதனையில் தேறிய ஒன்று இருக்கிறது என்று மகிழலாம். மகிழ்வதற்குக் காரணம் அது நம்முடையது என்பதல்ல, தேறியது என்பது.

ஆகவே கீரை, பழம், பருப்பு, தவிட்டரிசி, குரக்கன், போதிய தண்ணீர், இசப்கோல் எடுத்தால் தண்ணீர் இன்னும் கூடுதலாக. நோன்பு மாதத்தில் பகலில் குடிக்காத தண்ணீரை இரவில் ஈடுசெய்ய வேண்டும். மலம் வரும்போது அடக்கக் கூடாது. வராதபோது முக்கக் கூடாது. கைத்தொலைபேசியோடு கக்கூசில் குந்தியிருக்கக் கூடாது. இதற்கும் அடங்காவிட்டால் இறப்பர் வளையம் போடுவது, ஊசி, அறுவை என்று படிப்படியாக உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டக் காசு வேண்டியதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. படும் இரத்தம் மூலத்தால்தானா என்று ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெருங்குடற் புற்றுநோயும் இதே வாசலால்தான் இரத்தம் காட்டும். வெளிக்குப் போகும் வழக்கம் மாறுதல், மலம் கறுத்துப் போதல், உடம்பு மெலிதல், களைப்பு, இரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடற் புற்றுநோய் இருந்திருத்தல், நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டிய வயது — இவற்றில் ஒன்றிருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்றுமில்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம்.

காக்கா அந்தக் குளிசையை நாலு மாதம் எடுத்தார். இடையில் இரண்டு கிழமை இரத்தம் நின்றதாம். “தம்பி, சாமான் நல்லம்” என்று என்னிடம் வந்து சந்தோசமாகச் சொன்னார். பிறகு படியேற இளைக்கத் தொடங்கியது. மகள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். குழாய்க் கெமரா விட்டுப் பார்த்ததில் மூலமும் இருந்தது. அதற்கு மேலே, பெருங்குடலில் ஒரு கட்டியும் இருந்தது. வெட்டி எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நடமாடுகிறார். முந்தி வந்திருந்தால் சின்ன வேலையாகப் போயிருக்கும் என்று அறுவை செய்த டொக்டர் சொன்னாராம்.

நாலு மாதத்தைத் தின்றது சீன மருந்து மட்டுமல்ல. வெட்கமும், என்னுடைய வாசிக்காத பதிலும் சேர்ந்துதான் தின்றன. வுழூ முறியுமா என்று கேட்க வெட்கப்படாத ஒரு மனிதர், அதே இரத்தத்தை டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டார். பெண்களின் நிலை இதைவிடச் சங்கடம். பிள்ளைப்பேற்றோடு வந்த மூலத்தைக் கணவனுக்கும் சொல்லாமல் வருடக்கணக்காகச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் காக்காவைப் பார்க்கப் போனபோது இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். “எழுது தம்பி. எண்ட பேரைப் போடாத, ஆனா எழுது” என்றார். இனி யாராவது இப்படியொரு பெட்டியை என்னிடம் நீட்டினால், பெட்டியை வாங்கிப் பார்க்க முன்னர் ஒரு கேள்வியைக் கேட்பேன்: “டொக்டர்ட காட்டினீங்களா?”